நாற்பத்திரண்டாம் வில்லை

மூன்று தொட்டிகளின் தலைமாட்டில் படகைக் கட்டியபோது பகல் பதினொன்று நாற்பது. டைம்கீப்பர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு படகுக்குள் எட்டிச் சுவர்க்கடிகாரத்தையும் பார்த்தார். இரண்டும் ஒரே நேரத்தைச் சொன்ன பிறகுதான் கரையில் கால் வைத்தார். பேருந்துப் பணிமனையில் முப்பத்திரண்டு வருடம் வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிட்ட மனிதர். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. மனைவி மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டாள், கோபம் தலைக்கேறிய நாட்களைத் தவிர.

கால்வாய் அந்த இடத்தில் மூன்று படிகளாகக் கீழே இறங்குகிறது. படிக்கு ஒரு கருங்கல் தொட்டி. அதன் மேல்முனையில் ஒரு கதவு, கீழ்முனையில் ஒரு கதவு. படகு உள்ளே போனதும் மேல்கதவைச் சாத்திவிட்டுக் கீழ்க்கதவின் மதகைத் திறந்தால், தண்ணீர் வடிய வடியப் படகும் மெல்லக் கீழே இறங்கும். பிறகு கீழ்க்கதவைத் திறந்துகொண்டு அடுத்த தொட்டிக்குப் போகலாம். மூன்றையும் தாண்டினால் அரை மணி நேரத்தில் நகரம். நகரத்தில் அவர்களுடைய ஒரே மகள் நிறைமாதமாக இருந்தாள். மருமகன் கப்பல் வேலையில் எங்கோ நடுக்கடலில்.

கரையில் ஒரு பலகை நின்றது. தண்ணீர்ப் பற்றாக்குறை. தொட்டி இரண்டு படகுகளுக்குச் சேர்த்தே திறக்கப்படும். தனிப் படகு, துணைப் படகு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

பலகைக்குக் கீழே இரண்டு கொக்கிகள். வருகிற படகு தன் எண் பொறித்த பித்தளை வில்லையை அதில் மாட்ட வேண்டும். இரண்டு கொக்கியும் நிறைந்தால்தான் மதகுக்காரர் மதகைத் திறக்கும் சக்கரத்தின் சங்கிலியைக் கழற்றுவார். டைம்கீப்பர் தன் நாற்பத்தொன்றாம் எண் வில்லையை முதல் கொக்கியில் மாட்டிவிட்டு, இரண்டாவது கொக்கியை முறைத்தார்.

"இன்னிக்கே யாராவது வந்துடுவாங்க," என்றாள் மனைவி.

அன்று யாரும் வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

ஏற்கெனவே பயணம் இழுத்தடித்திருந்தது. இருபது நாள் கையில் வைத்துக்கொண்டு கிளம்பியவர்கள். முதலில் எஞ்சின் பெல்ட் அறுந்து நாலு நாள். பிறகு படகைத் தள்ளும் அடிவிசிறியில் பாசி சுற்றி ஒரு நாள். அதன்பின் கால்வாய்க்குக் குறுக்கே விழுந்த மரத்தை அறுத்து எடுக்கும்வரை மூன்று நாள். மனைவி இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தையல் கடை வைத்திருந்தவள். நின்ற இடத்திலெல்லாம் மெஷினைத் திறந்து பேரக்குழந்தைக்குச் சட்டை தைத்தாள். அவருக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. கரையில் அவர் நடந்த நடையில் புல் தேய்ந்தே போயிற்று.

அதற்குக் காரணம் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முன் மகளுக்கு ஆறாம் மாதத்தில் வலி வந்து ஃபோன் செய்தபோது, "ஷிஃப்ட் முடிச்சிட்டு வரேம்மா" என்றவர் அவர். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மகள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த முறைதான், "நேரத்துக்கு வந்துடுங்கப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல் அவரைத் தூங்கவிடவில்லை.

அங்கிருந்து வேறு வழியும் கிடையாது. இரு கரையிலும் ஆள் உயர நாணல், அதற்கப்பால் கால் புதைகிற சதுப்பு. சாலை மூன்றாவது தொட்டிக்குக் கீழேதான். கரையோர ஒற்றையடிப் பாதையும் முதல் தொட்டிக்குக் கொஞ்சம் தள்ளி இடிந்துபோயிருந்தது; மதகுக்காரர் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்டுவார். முழங்கால் வலிக்காரியான மனைவியை அந்த வழியில் நடத்திப் போக முடியாது.

மூன்றாம் நாள் நண்பகலில் மூடுபனி இறங்கியது. கால்வாய் வளைவு மறைந்தது, நாணல் மறைந்தது, எதிர்க்கரையும் மறைந்தது. மதகுக்காரர் இரண்டு மணிக்கு வருவார் என்று டைம்கீப்பருக்குத் தெரியும். ஒன்று ஐம்பதுக்கு அவர் ஒரு காரியம் செய்தார்.

மனைவி துணி வெட்டும்போது காற்றில் பறக்காமல் மேலே வைப்பதற்கு ஒரு கனமான பித்தளை வில்லை வைத்திருந்தாள். இந்தப் பழைய சரக்குப் படகை வாங்கியபோது இழுப்பறையில் கிடந்தது அது. அவர்கள் படகின் வில்லையைப் போலவே இருக்கும். எண் மட்டும் நாற்பத்திரண்டு. டைம்கீப்பர் அதை எடுத்துப் போய் இரண்டாவது கொக்கியில் மாட்டினார்.

அவ்வளவுதான் அவர் செய்த தப்பு.

மதகுக்காரர் பனிக்குள்ளிருந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவரும் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். கொக்கியிலிருந்த இரண்டு வில்லைகளையும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இன்னொரு படகு எங்க சார்?"

"வளைவுல நிக்குது. விசிறியில பாசி சிக்கிக்கிச்சாம். பத்து நிமிஷத்துல வந்துடும். நீங்க போய் அடுத்ததை ரெடி பண்ணுங்க, நாங்க பாத்துக்கறோம்."

பொய்யைக்கூட நேரம் குறித்துச் சொல்கிறவர் அவர். மதகுக்காரர் நம்பினார். சங்கிலியைக் கழற்றிவிட்டு அடுத்த தொட்டிக்குப் போனார்.

மனைவி சுக்கானைப் பிடித்துப் படகை உள்ளே கொண்டு போனாள். டைம்கீப்பர் கரையில் நின்று மேல்கதவைத் தள்ளினார். கதவு பாதி வந்து நின்றுவிட்டது. கல் எதுவும் தடுக்கவில்லை. நடுவில் எதுவோ இன்னும் உள்ளே வந்துகொண்டிருப்பது போல, கதவு அவரை எதிர்த்துத் தள்ளியது. அவர் முதுகைக் கொடுத்து நின்றார். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே இளகிச் சாத்திக்கொண்டது.

உள்ளே பார்த்தார். மனைவி படகை இடப்பக்கச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்தாள். தொட்டியின் வலப்பாதி காலியாக இருந்தது.

"ஏன் ஓரமாப் போட்ட?"

"அந்தப் படகுக்கு இடம் வேணாமா?"

"எந்தப் படகு?"

அவள் பின்னால் திரும்பினாள். பனிதான் தெரிந்தது. "வந்த மாதிரி இருந்துச்சே," என்றாள்.

அவர் மதகைத் திறந்தார். தண்ணீர் வடியத் தொடங்கியது. காலியாக இருந்த பாதியில் தண்ணீர் தளதளவென்று மோதியது, மரத்தில் மோதுகிற சத்தத்தோடு. வலப்பக்கச் சுவரில் தொங்கிய பாசி, எதுவோ உரசிக்கொண்டு இறங்குவது போல, மேலிருந்து கீழாக நீளமாக உரிந்துகொண்டே போனது. மண்ணெண்ணெய் விளக்கை அணைத்தால் வருகிற வாசனை வந்தது. நனைந்த சாக்கு வாசனையும் கூடவே வந்தது.

பிறகு அந்தச் சத்தம்.

பல்லைக் கடித்துக்கொண்டு யாரோ எதையோ விழுங்குகிற முனகல். நீண்டு, தேய்ந்து, நின்றது.

"மாடு எதாவது சேத்துல மாட்டிக்கிச்சா?" என்றார் அவர்.

 கீழ்க்கதவு திறக்கிற நேரத்தில் முனகல் மறுபடி வந்தது. பழக்க தோஷம், அவர் கை தானாகவே கடிகாரத்துக்குப் போனது. பத்து நிமிடம்.

இரண்டாவது தொட்டிக்குப் போகும் வழியில் படகு கனத்தது. எஞ்சின் முழு வேகத்தில் இரைந்தும் நத்தையாக நகர்ந்தது. டைம்கீப்பர் படகின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கயிறு கட்டும் பின்கொக்கியில் கயிறு எதுவும் இல்லை. ஆனால் கொக்கி விறைத்துப் பின்பக்கமாக வளைந்து நின்றது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

மனைவி அவர் பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"என்னங்க. துணி மேல வெக்கிற வில்லையைக் காணோம். நீங்க எடுத்தீங்களா?"

அவர் சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் திட்டவில்லை. முனகல் மீண்டும் வந்தது, இந்த முறை பக்கத்தில்.

"அது மாடு இல்லைங்க," என்றாள். "இடுப்பு வலி. பெத்தவ எனக்குத் தெரியாதா."

ஆறு நிமிடம்.

இரண்டாவது தொட்டிக்குள் படகு நுழைந்தபோது கரையில் மதகுக்காரர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அவர் உள்ளங்கையில் அந்த வில்லை இருந்தது. 

"இது உங்களுக்கு எப்படி சார் கிடைச்சுது?"

 டைம்கீப்பர் உள்ளதைச் சொன்னார். மதகுக்காரர் பனிக்குள் அவர்கள் படகுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உங்களது ஜோடிப் படகுல பாதி சார். முன்னால எஞ்சின் படகு, நாப்பத்தொண்ணு. பின்னால கயித்துல கட்டி இழுக்கிற சரக்குப் படகு, நாப்பத்திரண்டு. புருஷன் முன்னால ஓட்டுவான், பொண்டாட்டி பின்னால சுக்கான் பிடிப்பா. நான் வேலைக்குச் சேர்ந்த புதுசு. அவளுக்கு வலி கண்டுடுச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்னு அவன் பறந்தான். மூணாவது தொட்டியில மதகை ஒரேயடியாத் திறந்துட்டான். மேல்கதவுக்கு அடியில தண்ணிக்குள்ள ஒரு கல்படி இருக்கு சார். படகோட பின்பக்கம் அதுல மாட்டினா, தண்ணி வடிய வடிய முன்பக்கம் கவுந்துடும். பின்படகு மாட்டிக்கிச்சு. அவ கத்தியிருப்பா. மதகு இரைச்சல்ல கேக்கல. அவன் ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா போதும். அவன் கண்ணு கீழ்க்கதவுலயே இருந்துச்சு."

 தொட்டியின் காலிப் பாதியில் தண்ணீர் தளும்பியது.

"இன்னிக்கு இதோட நிறுத்திக்குங்க. நாளைக்கு நிஜமா ஒரு படகு வரட்டும்," என்றார் மதகுக்காரர்.

டைம்கீப்பரின் சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. மூன்று நாளாகச் சிக்னல் இல்லாத ஃபோன்.

"அப்பா. பனிக்குடம் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன்." மகள் பேச்சை நிறுத்தி மூச்சுவிட்டாள். பிறகு முனகினாள். அதே நொடியில் அவருக்குப் பின்னால், தொட்டியிலிருந்தும் முனகல் வந்தது. இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாக அடங்கின.

"நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை வருதுப்பா. எங்க இருக்கீங்க?"

"வந்துட்டோம்மா. பக்கத்துலதான்."

அதற்குப் பிறகு அவர் மதகுக்காரரிடம் கெஞ்சிய கெஞ்சலை அவர் மனைவி அதற்கு முன் பார்த்ததில்லை. கடைசியில் மதகுக்காரர் இரண்டு வில்லைகளையும் கையை நீட்டித் தூரமாகவே கொடுத்தார்.

"மூணாவதோட சங்கிலியைக் கழட்டி வெச்சிட்டுப் போறேன். நான் அங்க நிக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு சொல்றேன் சார். திரும்பிப் பாருங்க."

இரண்டாவதில் இறங்கி மூன்றாவது தொட்டிக்கு வந்தார்கள். அது மற்ற இரண்டையும்விட ஆழமானது. சுவர் கறுத்து, ஈரம் கசிந்தது. மேல்கதவுக்கு அருகே சுவரில் ஒரு வெள்ளைக் கோடு. அதற்குப் பின்னால் படகு போகக் கூடாது, அங்கேதான் கல்படி.

மனைவி படகைத் தொட்டியின் நடுவில் நிறுத்திக்கொண்டு பின்பக்கம் சுக்கானருகில் நின்றாள். அவர் மேல்கதவைச் சாத்திவிட்டுக் கீழ்க்கதவுக்கு ஓடி மதகுச் சக்கரத்தைத் திருப்பினார். கால் திருப்பு. அரைத் திருப்பு. மகளின் குரல் காதில் இருந்தது. முழுவதும் திருப்பிவிட்டார்.

தண்ணீர் இரைந்துகொண்டு வெளியேறியது.

திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கழுத்து மறுத்தது. பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. உண்மை அதுதான். கண்ணைக் கீழ்க்கதவிலேயே வைத்துக்கொண்டு, இன்னும் இரண்டு நிமிடம், இன்னும் இரண்டே நிமிடம் என்று எண்ணினார்.

இரைச்சலுக்கு அடியில் மரம் முனகியது.

அவர் திரும்பினார்.

படகு வெள்ளைக் கோட்டுக்குப் பின்னால் போயிருந்தது. பின்பக்கம் கல்படியின் மேல் ஏறிக்கொண்டு, முன்பக்கம் கவிழத் தொடங்கியிருந்தது. மனைவி சுக்கானை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவள் வாய் திறந்து திறந்து மூடியது. ஒரு சத்தமும் அவருக்குக் கேட்கவில்லை.

சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருந்த இரும்புப் பல்லை உதைத்துத் தள்ளினார். மதகு தடாரென்று விழுந்து அடைத்தது. மேல்கதவுக்கு ஓடினார். வழியில் விழுந்தார், எழுந்தார். மேல் மதகைத் திறந்து தண்ணீரை உள்ளே விட்டார். தொட்டி மெல்ல நிறைந்தது. படகு ஒரு குலுக்கலோடு படியைவிட்டு மிதந்தது.

மேல் மதகை மூடிவிட்டுப் படகுக்குள் குதித்தார். மனைவியின் கை பனிக்கட்டியாகச் சில்லிட்டிருந்தது.

"பின்னால இழுத்துச்சுங்க," என்றாள். "நான் கத்தினேன். நீங்க திரும்பவே இல்ல."

 அவர் பின்கொக்கிக்குப் போய் மண்டியிட்டார். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையை வைத்தபோது கயிறு இருந்தது. பழைய, நனைந்த, கை தடிமன் கயிறு, விறைப்பாக. முடிச்சை அவிழ்த்தார். கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு வழுகிப் போனது. மனைவி படகை இடப்பக்கச் சுவரோடு ஒட்டினாள்.

"பக்கத்துல வந்து நில்லும்மா," என்றார் பனியைப் பார்த்து. "மெதுவா வா. நான் பாத்துக்கிட்டே இருக்கேன்."

வலப்பாதியில் தண்ணீர் அசைந்தது. எதுவோ பக்கத்தில் வந்து, சுவரில் இடித்து, நின்றது.

அந்தத் தொட்டியை இறக்க அவர் ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டார். சக்கரத்தில் கால் திருப்பு, பிறகு திரும்பிப் பார்ப்பது. மறுபடி கால் திருப்பு. முனகல் மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது, இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக வந்தது. மகள் நினைப்பு வந்தபோதும் அவர் வேகம் கூட்டவில்லை. வாழ்நாளில் முதல்முறையாகக் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார்.

கீழ்க்கதவு திறந்தது. வழக்கமாக அவர் யாருக்கும் வழிவிட மாட்டார். அன்று மனைவிக்குக் கை காட்டிப் படகை அப்படியே நிறுத்தச் சொன்னார்.

"நீ முன்னாடி போம்மா," என்றார் காலிப் பாதியிடம்.

பனி நடுவில் கிழிந்தது. நீளமாக, ஒரு படகின் அகலத்துக்கு. மண்ணெண்ணெய்ப் புகையும் ஈரச் சாக்கும் அவர் முகத்தைத் தொட்டுக்கொண்டு போயின. முனகல் நகரத்தை நோக்கி விலகிப் போனது. கீழிருந்து மேலே போகும் படகுகளுக்காக அங்கேயும் ஒரு பலகை இருந்தது; அதன் கொக்கியில் அவர் நாற்பத்திரண்டாம் வில்லையை மாட்டினார். அதோடு தீர்ந்தது என்று நினைத்தார்.

படகு இப்போது இலேசாக ஓடியது. மனைவி சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி வந்தாள்.

"என்னங்க," என்றாள் பிறகு. "அவளை முன்னாடி போகச் சொன்னீங்களே. அவ எங்க போயிட்டு இருந்தா?"

அவர் வாயைத் திறந்தார்.

ஆஸ்பத்திரிக்கு. பிரசவத்துக்கு.

மகளுக்கு ஃபோன் போட்டார். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். எடுக்கவில்லை. நகரம் வரும்வரை அந்த அரை மணி நேரமும் போட்டுக்கொண்டே இருந்தார்.

படித்துறையில் படகைக் கட்டியும் கட்டாமலும் ஓடினார்கள். டாக்ஸி, மாடிப்படி, நீளமான நடை. பிரசவ வார்டின் வாசலில் தரையெல்லாம் ஈரமாக இருந்தது. துப்புரவு செய்கிற பெண் துடைப்பத்தை வைத்துக்கொண்டு யாரையோ வைதுகொண்டிருந்தாள்.

கடைசிக் கட்டிலில் மகள் சாய்ந்து படுத்திருந்தாள். மடியில் குழந்தை. இருவரும் உயிரோடு, நலமாக. டைம்கீப்பர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதார், சின்னப்பிள்ளை மாதிரி.

"லேட்டாயிடுச்சும்மா."

"பரவால்லப்பா. பொண்ணு. கால் மணி நேரம் ஆச்சு." மகள் களைப்பாகச் சிரித்தாள். "நீங்கதான் ஒரு அம்மாவை முன்னாடியே அனுப்பிட்டீங்களே."

மனைவி குழந்தையைத் தூக்கப் போன கையை நிறுத்திக்கொண்டாள்.

"எந்த அம்மா?" என்றார் அவர்.

"உங்க படகோட வந்தவங்க. உங்கப்பாதான் என்னை முன்னாடி போகச் சொன்னாருன்னு சொன்னாங்க. கடைசிவரைக்கும் என் கையை விடல. கைதான் ரொம்பச் சில்லுன்னு இருந்துச்சு. சேலையெல்லாம் ஒரே ஈரம். பொறந்ததும் ஒரு தடவை தூக்கிக்கறேன்னு கேட்டாங்க. குடுத்தேன். ரொம்ப நேரம் வெச்சிருந்தாங்கப்பா. நர்ஸ் வந்து கேட்டப்புறம்தான் குடுத்தாங்க."

குழந்தையைச் சுற்றியிருந்த துணி நனைந்திருந்தது. அதிலிருந்து மண்ணெண்ணெய் விளக்கின் வாசனை வந்தது. மனைவி குழந்தையை வாங்கி நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

"எங்க போனாங்க?" என்று கேட்டார் அவர்.

"படித்துறைக்கு. உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாங்க. திரும்பிப் போறப்போ தனியாப் போகாதீங்கன்னாங்க. தனிப் படகுக்குத் தொட்டியைத் திறக்க மாட்டாங்களாமே. எத்தனை நாள் ஆனாலும் கீழ காத்துக்கிட்டு இருப்பாங்களாம். குழந்தையையும் கூட்டிட்டு எல்லாரும் ஒண்ணாப் போகலாம்னு சொன்னாங்க."

மகள் அதுவரை மூடி வைத்திருந்த வலது கையை அவர் முன்னால் நீட்டி விரித்தாள்.

"இதையும் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க."

உள்ளங்கையில் ஈரம் காயாத பித்தளை வில்லை இருந்தது. நாற்பத்திரண்டு.